ஹலீம் தொட்டியும் கௌசல்யாவும்

ஜன. 6, செவ்வாய்

பனி. எட்டு மணி வரை எதிர் பிளாக் தெரியவில்லை. இன்று லீவு போட்டேன்.

செய்ய வேண்டியவை: தக்காளிக்குக் குச்சி கட்ட. வெந்தயக் கீரை அறுக்க. கேஸ் புக் பண்ண. சேலைக்கு ஃபால்ஸ்.

ஒன்றும் நடக்கவில்லை. மாடி ஏறி ஹலீம் கீரை ட்ரேயைப் பார்த்ததோடு சரி. இலை முழுக்க வெள்ளைக் கோடு. வளைந்து வளைந்து, சின்னக் குழந்தை பென்சிலால் கிறுக்கிய மாதிரி.

ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதற்காகக் கரையான்சாவடி நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய விதை இது. ஊற வைத்தால் கொழகொழ. குடிக்கப் பிடிக்காமல் மீதியை ட்ரேயில் தூவினேன். மூன்றாம் நாளே முளைத்துவிட்டது. இலையைக் கிள்ளி வாயில் போட்டால் கடுகு மாதிரி சுருக்கென்று காரம். இட்லிக்குத் துவையல், பருப்பில் ஒரு கைப்பிடி. எனக்கு வாய்த்த செடிகளிலேயே நல்ல செடி.

கம்பெனியில் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்களைச் செக் பண்ணும் லென்ஸ் எப்போதும் என் பையில் இருக்கும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். மேல் தோலுக்கும் கீழ் தோலுக்கும் நடுவே ஒரு புழு. எள்ளில் பாதி. தின்றுகொண்டே முன்னால் போகிறது, பின்னால் கருப்புப் புள்ளியாகக் கழிந்துகொண்டே வருகிறது. என் வீட்டுக்குள்ளேயே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, என் சாப்பாட்டைத் தின்கிற திமிர்!

நகத்தால் நசுக்கினேன். மொத்தம் முப்பத்தொன்று. முதுகு வலி. மனசுக்கு நன்றாக இருந்தது.

ஜன. 8, வியாழன்

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். பஸ்ஸில் நின்றபடியே போனைப் பார்த்தேன். மாடித் தோட்டம் வாட்ஸப் குழுவில் என் ட்ரேயின் படம். அந்தக் கோடு விழுந்த இலைகள், பெரிதாக்கி. கீழே: ‘கிழக்குப் பக்கத் தொட்டிகளிலிருந்து பூச்சி பரவுகிறது. உரியவர் கவனிக்கவும்.’ ஒரு கும்பிடு வேறு.

போட்டது மூன்றாவது மாடி கௌசல்யா. கோயம்புத்தூர்க்காரி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அந்தக் குழுவுக்கு அட்மின். மாடியில் மேற்குப் பாதி அவளுடையது, கிழக்குப் பாதி என்னுடையது. இனிமேல் கௌ. என்றே எழுதுகிறேன். முழுப் பெயர் எழுதக் கை கூசுகிறது.

உரியவராம்! மாடியில் செடி வைப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். என்னிடம் நேரில் சொல்ல வாய் இல்லையா?

படம் போட்ட அரை மணியில் அசோசியேஷன் செகரட்டரி சாரின் பதில்: ‘26ஆம் தேதி மாடியில் கொடியேற்றம். 25 காலை கமிட்டி பார்வையிடும். பூச்சி இருக்கும் தொட்டிகள் அகற்றப்படும்.’

அகற்றப்படும். இந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. கல்யாணமாகி இருபது வருஷம் வாடகை வீடு. அம்பத்தூரில் நாலு, ஆவடியில் இரண்டு. எல்லா ஹவுஸ் ஓனருக்கும் ஒரே வாய்: “தொட்டி வெச்சா தளம் ஊறிடும், எடுத்துடும்மா.” ஒரு ரோஜாக் குச்சியைக்கூட நட விட்டதில்லை. திருமுல்லைவாயிலில் இந்த பிளாட் சொந்தமானதும் நான் முதலில் வாங்கியது மண். அப்புறம்தான் பீரோ. இருபத்திரண்டு தொட்டி இப்போது. எங்கள் வீடு முதல் மாடி, எதிர் பிளாக் மறைத்து வெயிலே வராது. மேலே இருந்து எடுத்தால் அவ்வளவுதான், ஒன்றும் பிழைக்காது.

கணவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே, “இன்னாமே, ஒரு பூச்சிக்கு இம்மாங் கோவமா? எட்த்து ஊட்டாண்ட வெச்சிக்கினா ஆச்சு” என்றார்.

அவருக்கு இன்று தோசை கிடையாது. பழைய சாதம்.

ஜன. 9, வெள்ளி

இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் பக்கத்து நாற்காலி மேரி. காலையிலிருந்து புலம்பியதில் அவள் காது புளித்துவிட்டது.

“யக்கா, அதே பூச்சிய புட்ச்சி அவ செடில வுட்டுடேன். யாருக்குத் தெரியப் போவுது?”

சிரித்தோம். டீ டைமில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன், விடக்கூடாதா?

சாயங்காலம் காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவித் துடைத்தேன். இருப்பதிலேயே மோசமான இலைகளாகப் பார்த்துக் கிள்ளிப் போட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், குழாய் ஒழுகும் இடத்தில், தானாக முளைத்த ஒரு காட்டுச் செடி இருக்கிறது. பொடி வெள்ளைப் பூ. கசக்கினால் ஹலீமின் அதே காரவாசனை. அதன் இலைகளிலும் கோடு, இன்னும் பழைய கோடு. அதையும் கிள்ளினேன். பாட்டில் வாயில் பழைய துப்பட்டாத் துணி, ரப்பர் பேண்ட். பொங்கல் பானைக்குப் பின்னால், அலமாரியில்.

வளரட்டும். வளர்ந்து, பறந்து, போகட்டும் மேற்குப் பக்கம்.

ஜன. 11, ஞாயிறு

மாட்டுக் கோமியக் கரைசல் நேற்று. இன்று வேப்பெண்ணெய் + சோப்பு. பலன் இல்லை. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்துத் தெளித்ததில் என் கண்தான் எரிந்தது. பசை தடவித் தொங்கவிட்ட மஞ்சள் அட்டையில் ஒட்டியவை: ஈ ஆறு, கொசு நிறைய, பாவம் ஒரு தேனீ.

புழு தோலுக்குள் இருக்கிறது. மேலே என்ன ஊற்றினாலும் அதற்கென்ன?

தெளித்துக்கொண்டிருக்கும்போது கௌ. வந்தாள். காதில் மாட்டிய ஒயர், கையில் பூவாளி.

“ஏனுங்க்கா, கோடு விழுந்த எலையெல்லாம் பூராப் புடுங்கிப் போட்டுருங்க. அதுதானுங்க ஒரே வழி.”

“குரூப்ல போடறதுக்கு முன்னாடி இந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“உங்களச் சொல்லலீங்க்கா. பொதுவாத்தான் போட்டேன்.”

பொதுவா! என் ட்ரேயில் என் வீட்டு நம்பர் எழுதியிருக்கிறது. படத்தில் பளிச்சென்று தெரிகிறது.

அவள் கீழே இறங்கிய பிறகு லென்ஸோடு மேற்குப் பக்கம் போனேன். அவள் முள்ளங்கியில் மூன்று இலை. தக்காளியில் இரண்டு. கோடு! சன்னமாக, புதிதாக. அடி சக்கை. அவளுக்கே தெரியாது போல. நான் சொல்வேனா?

ஜன. 14, புதன். போகி

விடியற்காலை தெருவெல்லாம் புகை. எல்லோரும் பாய், கிழிந்த துணி, பழைய துடைப்பம். நான் ஒரு கோணிப்பை நிறைய இலை.

நேற்று லீவு போட்டுவிட்டு இதே வேலைதான். ஹலீம், முள்ளங்கி, தக்காளி, கோடு தெரிந்த இலை ஒன்று விடவில்லை. கௌ. சொன்னதற்காக இல்லை, எனக்கே தோன்றியதுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த காட்டுச் செடியை வேரோடு பிடுங்கினேன். எல்லாம் பச்சை, எரிய மறுத்தது. அவர் பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து வந்து ஊற்றினார். அப்புறம் படபடவென்று பிடித்துக்கொண்டது.

“சாவுங்கடா” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். எதிர் வீட்டம்மா திரும்பிப் பார்த்தார்.

பாட்டிலை மட்டும் எரிக்கவில்லை.

ஜன. 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்கே பொங்கிற்று. கௌ. ஊருக்குப் போயிருக்கிறாள். வாட்ச்மேனிடம் செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறாளாம். ஹலீம் ட்ரேயில் மொட்டைக் காம்பு, நடுவில் புதுத் துளிர். நெய் அதிகமாகிவிட்டது, முந்திரி கருகல்.

ஜன. 18, ஞாயிறு

பாட்டிலில் உயிர்!

காய்ந்த இலைக்கு மேலே, துணியை நோக்கி, பொடிப்பொடியாக ஏறுகிறது. அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, “தூசிமே அது” என்கிறார். லென்ஸில் பார்த்தேன். இரண்டு மாதிரி இருக்கிறது. ஒன்று மஞ்சளும் கருப்பும், ஈ மாதிரி, சோம்பலாக. அது நாலோ ஐந்தோதான். இன்னொன்று அதைவிடச் சின்னது, கரும்பச்சை, பித்தளையைத் தேய்த்த மாதிரி மினுமினுப்பு. முன்னால் வளைந்த இரண்டு மீசை. நாற்பது இருக்கும். துறுதுறுவென்று நிற்காமல் நடக்கிறது.

ஆணும் பெண்ணுமாக இருக்கும்.

எனக்குத் தொழில் இதுதான். கலந்த சரக்கைப் பிரிப்பது. பாட்டிலை ஃபிரிட்ஜில் பத்து நிமிஷம் வைத்தேன். எல்லாம் மயங்கிக் கிடந்தன. வெள்ளைத் தாளில் கொட்டி, குழம்புக்குப் பூண்டு உரிக்கிற பொறுமையோடு, தூரிகை நுனியால் பிரித்தேன். மஞ்சள் சோம்பேறிகள் ரிஜெக்ட். நசுக்கிப் போட்டேன். மினுமினுப்பானவை எல்லாம் ஓ.கே. பீஸ். போனால் நல்ல வீரியமான சரக்காகப் போகட்டும், அவளுக்குக் குறை வைக்கக்கூடாது.

“ஃபிரிட்ஜுல இன்னாமே பூச்சி கீது? தயிர் பக்கத்துல!” என்று அவர் கத்தினார். தயிர் மூடித்தான் இருந்தது.

ஜன. 19, திங்கள்

செகண்ட் ஷிஃப்ட், காலை வீட்டில். வெயில் சுள்ளென்று. கௌ. ஊரிலிருந்து இன்னும் வரவில்லை. துணி காயப்போடுகிற சாக்கில் மேலே போனேன். அவள் முள்ளங்கித் தொட்டிக்கு நடுவே பாட்டிலைச் சாய்த்துத் துணியை அவிழ்த்தேன். ஒவ்வொன்றாக வாயில் வந்து நின்று, மீசையை ஆட்டிவிட்டு, இலைமேல் போய் உட்கார்ந்தது.

பயம் இல்லை. இருபது வருஷம் எத்தனை பேருக்குத் தலையாட்டிக்கொண்டு போனேன், இப்போது ஒருத்திக்காவது திருப்பிக் கொடுத்தேன்.

துணி காயப்போட மறந்து வாளியோடு கீழே வந்தேன்.

ஜன. 21, புதன்

ஹலீம் புதுத் துளிரில் மறுபடியும் கோடு. எல்லாத்தையும் எரித்தேனே, எங்கிருந்து வருகிறது? பழைய இலையில் தெரிந்தது போயிற்று, தெரியாத முட்டை துளிரில் இருந்திருக்கும். முன்பைவிட மோசம். ஒரே இலையில் மூன்று புழு. தக்காளியிலும்.

அவள் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. அவள் வந்துவிட்டாள், நாள் பூராவும் மாடியிலேயே நிற்கிறாள். பயந்துபோயிருப்பாள். நன்றாக வேண்டும்.

ஜன. 23, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் போன். குழுவில் கௌ. போட்ட படம். முள்ளங்கி இலைமேல், பெரிதாக்கி, கரும்பச்சை மினுமினுப்பு. வளைந்த மீசை. என் ஓ.கே. பீஸ்.

கீழே எழுதியிருக்கிறாள்: ‘ஊர்ல வேளாண்மை படிச்ச என் தம்பிகிட்ட படத்த அனுப்பிக் கேட்டேன். இது குட்டிக் குளவியாம். இலைக்குள்ள இருக்கிற புழுவத் தேடிக் கண்டுபிடிச்சு, கொட்டி, அது பக்கத்துலயே முட்டை வைக்குமாம். குஞ்சு பொரிஞ்சு புழுவத் தின்னுருமாம். நாலே நாள்ல என் செடியில கோடு எல்லாம் பாதியிலயே நின்னுருச்சு! இனிமே கோடு விழுந்த இலையப் பிடுங்கி எரிக்காதீங்க. குளவி அதுக்குள்ளதான் வளருமாம்.’

மேரியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சோற்றைப் பார்த்தாள்.

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். என் இலைக்குள் என் புழுவைத் தின்ன என் குளவி வளர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காட்டுச் செடியில்தான் அதிகம் இருந்திருக்கும். அதை வேரோடு பிடுங்கினேன். மூட்டையாகக் கட்டினேன். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினேன். மீதி நாற்பதையும் பொறுக்கியெடுத்து, சுத்தம் பண்ணி, தரம் பார்த்து அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உலகத்தில் எவளாவது இப்படிச் செய்வாளா?

ஒரு சீலில் முடி அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவள் நான். தூ.

ஜன. 25, ஞாயிறு

காலை பத்து மணி. கமிட்டி என்றால் செகரட்டரி சார், பொருளாளர், காபி டம்ளரோடு இன்னொருவர். கௌ. நின்றாள். நான் நின்றேன். கணவர் துணைக்கு வந்து வாட்டர் டேங்க் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் மேற்குப் பக்கம். கௌ. இலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

“எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலீங்க சார். தானா வந்துருக்குது.”

அப்புறம் என் பக்கம். கோடு, கோடு, கோடு. செகரட்டரி சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “பாருங்க சாந்தி மேடம். செடிய ஒழுங்கா பராமரிச்சா நல்ல பூச்சி தானா வந்து சேருது. நீங்களும் கௌசல்யாகிட்ட கேட்டுக் கத்துக்கணும்.”

தானா வருதாம். அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

“தானால்லாம் வரல சார். அத வுட்டது நான்.”

எல்லோரும் திரும்பினார்கள். அவர் டேங்க் நிழலிலிருந்து எழுந்தார்.

“நீங்களா? எப்போ?”

“பொங்கலுக்கு அப்புறம். பாட்டில்ல வளத்து, பிரிச்செடுத்து வுட்டேன்.”

“அப்படியா! ஏம்மா சொல்லவே இல்ல?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உதவிக்குத்தான் விட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தொட்டி பிழைத்திருக்கும், மாலைகூடப் போட்டிருப்பார்கள். ஆனால் கௌ.வைப் பார்த்தேன். அவள் முகம் மலர ஆரம்பித்துவிட்டது. “அக்கா...” என்று கையை நீட்டிக்கொண்டு வருகிறாள். நன்றி சொல்லப் போகிறாள், எனக்கு! அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

“நல்லதுன்னு தெரிஞ்சு வுடல. உஞ்செடி நாசமாப் போவட்டும்னுதான் வுட்டேன்.”

காபிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். கௌ.வின் கை அப்படியே நின்றது.

“அதுக்கு நேரா வந்து என்னைத் திட்டியிருக்கலாமேங்க்கா” என்றாள். கோபமே இல்லை குரலில். அதுதான் இன்னும் எரிச்சல்.

செகரட்டரி சார் கண்ணாடியைப் பைக்குள் போட்டார். “சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடுங்கம்மா.”

எடுத்துடுங்கம்மா. ஏழாவது தடவை. இந்த முறை சொந்த வீட்டில், என் வாயால் கேட்டு வாங்கிக்கொண்டது.

லிஃப்டில் மண் சிந்தும் என்று படியில்தான் இறக்கினோம். அவரும் நானும். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆறாவது தொட்டியில் மட்டும், “வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்மே” என்றார். ஆமாம் என்றேன்.

கடைசியில் ஹலீம் ட்ரே. தூக்குமுன் கௌ. வந்து பக்கத்தில் குனிந்தாள். ஒரு இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தாள், நான் பிடிப்பது போலவே.

“அக்கா, இங்க பாருங்க. இந்தக் கோடு பாதியில நின்னுருக்குது. குளவி உங்க பக்கமும் வந்துருச்சுங்க.”

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். புழு பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தது.

“இதை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போங்க்கா. நான் தண்ணி ஊத்தறேன். உங்க வீட்டு நம்பர் அப்படியே இருக்கட்டும். கீழ வெயிலே கிடையாது, செத்துப் போயிருமுங்க.”

செத்துப்போகும். எனக்குத் தெரியாதா?

“குடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். படியில் அழுகை வந்தது. செய்தது தப்புதான், எல்லாமே தப்பு. ஆனாலும் அவளிடம் கொடுக்க மனசு வரவில்லை.

ஜன. 26, திங்கள்

லீவு. மாடியில் கொடியேற்றும் பாட்டு கீழே வரை கேட்டது. நாங்கள் போகவில்லை. ஹாலில் இருபத்திரண்டு தொட்டி, டி.வி.க்கு முன்னால் தக்காளி. அவர் வெந்தயக் கீரையைத் தாண்டிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

கொடி முடிந்து யாரோ கதவுக் கைப்பிடியில் லட்டுப் பொட்டலம் தொங்கவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு அவர், “ஜன்னல் வலைல இன்னாமே, கொசு மாதிரி கீது?” என்றார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். லென்ஸ் வேண்டியிருக்கவில்லை. கரும்பச்சை மினுமினுப்பு, ஏழெட்டு. ஹலீம் ட்ரேயோடு வந்தவை. இங்கே வெளிச்சம் போதாமல் வலையில் முட்டி முட்டி விழுந்துகொண்டிருந்தன. விழுந்ததும் எழுந்து மறுபடியும் முட்டல்.

ஸ்க்ரூ டிரைவரால் வலைச் சட்டத்தைக் கழற்றினேன். எங்கே போகும் என்று தெரியும். நேரே மேலே, அவளிடம்தான் போகும்.

போய்த் தொலைங்கள்.